கார்டுக்கு ஏற்ற மானிட்டர்

என் கணவருக்கு முதலில் போனது இடது கைக் கட்டைவிரல். கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டுடியோவில் சினிமாப் படங்களுக்கு நிறம் சரிசெய்கிற வேலை அவருக்கு. எடுத்து வந்த படத்தில் ஒரு காட்சியில் வெயில் மஞ்சளாக இருக்கும், அடுத்ததில் வெளுத்துக் கிடக்கும். இரண்டையும் ஒரே வெயிலாக்கித் தருவார். அதற்கென்று உருண்டைகள் பதித்த ஒரு பலகை உண்டு. உருண்டையை மயிரிழை நகர்த்தினால் போதும், திரையில் இருப்பவரின் கன்னம் சிவக்கும், வானம் நீலமாகும். ஒருநாள் மாலை வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே, "உருண்டை வழுக்குது" என்றார். தூசியாக இருக்கும், துடைக்கச் சொல்லுங்கள் என்றேன். துடைத்தார்கள். பிறகு புதுப் பலகையே வந்தது. அதுவும் வழுக்கியது.

கிண்டிப் பக்கம் ஒரு பெரிய மருத்துவமனையில் பல சோதனைகள் எடுத்தபின் டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். மூளையிலிருந்து தசைக்குச் சேதி கொண்டுபோகும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றன. கை, கால், பேச்சு, விழுங்குவது, கடைசியில் மூச்சு. மருந்து கொஞ்சம் தள்ளிப்போடும், நிறுத்தாது. அறிவு மட்டும் அப்படியே இருக்கும்.

"கண்ணு?" என்று கேட்டார் இவர்.

"கண்ணுக்கு ஒண்ணும் ஆகாது சார்." நல்ல செய்தி ஒன்றாவது கைவசம் இருந்ததே என்கிற நிம்மதி டாக்டர் முகத்தில் தெரிந்தது.

ஆட்டோவில் திரும்பி வரும்போது அடையாறு பாலத்தின் மேல் ஏறினோம். அவர் கீழே ஆற்றுத் தண்ணீரைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு ரொம்பப் பச்சையா இருக்கு" என்றார். அவ்வளவுதான்.

நாங்கள் மந்தைவெளியில் இரண்டாவது மாடியில் குடியிருந்தோம். லிஃப்ட் கிடையாது. நான் சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் டீச்சர். எங்கள் இரண்டு குடும்பமும் அங்கிருக்கும் தேவாலயப் பங்கைச் சேர்ந்தவை. குழந்தைகள் இல்லை. அவர் என்னை வீட்டிலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார், கிண்டலாக ஆரம்பித்தது அப்படியே நிலைத்துவிட்டது. கால் தளர்ந்து மாடிப்படி ஏற முடியாமல் போனபின் அவர் கீழே இறங்கவே இல்லை. ஸ்டுடியோவில் அவர் வேலை பார்த்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொடுத்தனுப்பினார்கள். முன்னறையில் ஜன்னலோரம் வைத்தோம். வெகுநாள் அதன்மேல் துணி உலர்த்தினேன்.

அதற்கு உயிர் கொடுத்தவர் அவருடைய நண்பர். திரைப்படக் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள், இவர் படப் பிரிவு, அவர் ஒலிப் பிரிவு. சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்தவர், அடையாறுக்குக் குடிவந்து எத்தனையோ வருஷமாகியும் பேச்சு மாறவில்லை. வாரம் தவறாமல் வருவார். உடம்பைப் பற்றிக் கேட்கவே மாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கார் ஓட்டுகிற கேம் ஒன்றையும் கையில் பிடிக்கிற கன்ட்ரோலரையும் கொண்டுவந்தார்.

"சும்மா குந்திக்கினு இன்னாடா பண்ணப் போற? ஓட்டு."

இவருக்கு அப்போது வலது கை நன்றாகவே இருந்தது. நண்பர் பொறுமையாக எல்லாவற்றையும் வலது கைக்கு மாற்றி அமைத்தார். கட்டைவிரலில் திருப்பம், ஆள்காட்டி விரலில் வேகம், நடுவிரலில் பிரேக். என் கணவர் அதுவரை கேம் எதுவும் ஆடியவர் இல்லை. ஆனால் கார் ஓட்டுவதில் பைத்தியம். கார் எங்களிடம் இருந்ததில்லை, யாராவது கொடுத்தால் மகாபலிபுரம் வரை போய் வருவார். முதல் நாளே மூன்று மணி நேரம் ஓட்டினார். நான் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு நடுத்தர வயது ஆண்கள் பையன்கள் போலச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நோய் வந்தபின் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

அவருடைய பிறந்தநாளுக்கு நண்பர் பெரிய மானிட்டர் ஒன்றை வாங்கித் தோளில் சுமந்து மாடியேறி வந்தார். கேமுக்கென்றே செய்தது, உயர்ந்த ரகம். பழையதைக் கழற்றி இதை மாட்டி, "இப்ப பாரு மச்சி, ரோடு எப்டி கீதுன்னு" என்றார்.

என் கணவர் ஒரு சுற்று ஓட்டினார். கன்ட்ரோலரை மடியில் வைத்தார்.

"படம் கிழியுது."

"எங்க கிழியுது?"

"ரோட்டோரத்துல லைட் கம்பம் வருது பாரு. நடுவுல துண்டாகி மேல்பாதி ஒரு பக்கம், கீழ்பாதி ஒரு பக்கம் நிக்குது."

நண்பர் பார்த்தார், நானும் பார்த்தேன். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. காரை ஓட்டியபடியே "இப்ப... இப்ப... இதோ" என்று அவர் காட்டக் காட்டத்தான் எனக்குப் பிடிபட்டது. திருப்பத்தில் காட்சி வேகமாக நகரும்போது திரையின் குறுக்கே ஒரு வெட்டு ஓடியது. மேலே ஒரு கணம், கீழே அடுத்த கணம். ஒருமுறை பார்த்தபின் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

இப்படி ஏன் ஆகிறது என்பதைப் பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டேன். மானிட்டர் மேலிருந்து கீழாக, ஒரே சீரான தாளத்தில் படத்தை வரைந்துகொண்டே இருக்கும். படத்தைச் செய்து அனுப்புகிற கிராபிக்ஸ் கார்டுக்கு அந்தத் தாளம் கிடையாது. காட்டுப் பாதை என்றால் மெதுவாக அனுப்பும், வெறும் வானம் என்றால் வேகமாக அனுப்பும். மானிட்டர் பாதி வரைந்திருக்கும்போது அடுத்த படம் வந்து விழுந்தால் மீதிப் பாதி புதுப் படமாகிவிடும். அதுதான் கிழிசல். அடாப்டிவ் சிங்க் உள்ள மானிட்டர் அப்படிச் செய்யாது, கார்டு எப்போது தருகிறதோ அப்போது வரையும், அதுவரை காத்திருக்கும். ஆனால் எந்த மானிட்டரும் எந்தக் கார்டுக்காகவும் காத்திருக்காது. கார்டு செய்பவர்களில் பெரியவர்கள் இரண்டு பேர். கடைத்தெருவில் பச்சை, சிவப்பு என்று நிறத்தை வைத்தே சொல்கிறார்கள். பச்சைக்காரர்கள் தங்கள் சொந்தச் சில்லை மானிட்டருக்குள் வைத்து விற்றார்கள். அந்தப் பழைய சில்லு உள்ள மானிட்டர் பச்சைக் கார்டுக்கு மட்டும்தான் காத்திருக்கும். மற்றதற்கு அது வெறும் மானிட்டர். நண்பர் வாங்கி வந்தது அந்த ரகம். ஸ்டுடியோவிலிருந்து வந்த கம்ப்யூட்டரில் இருந்தது சிவப்புக் கார்டு.

இதை அன்றைக்கே நண்பர் போனில் தேடிக் கண்டுபிடித்துவிட்டார். முகம் வாடிவிட்டது. "கார்டு இன்னான்னு பாக்காம வாங்கிக்கினு வந்துட்டேன் மச்சி. பரவால்ல, ஓடுது இல்ல?"

"ஓடுது. கிழிஞ்சுக்கினு ஓடுது."

"அவ்ளோ ஒண்ணும் தெரியல."

"உனக்கு எப்படித் தெரியும்? நீ சவுண்டுக்காரன். எனக்கு மிச்சம் இருக்கிறது கண்ணு ஒண்ணுதான். அதையும் இந்தக் குப்பையைப் பார்க்க வைக்கிறே."

அப்படிப் பேசுகிறவர் இல்லை அவர். நோய் பேசியது என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் குரல் அவருடையதுதான். நண்பர் கன்ட்ரோலரின் ஒயரைச் சுருட்டி வைத்தார், கேக்கைத் தொடாமல், "வர்றேன் தங்கச்சி" என்று இறங்கிப் போனார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

இவர் மன்னிப்புக் கேட்கவில்லை, கேம் ஆடவும் இல்லை. ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். பள்ளிக்கூடம் விட்டு நான் வந்து கதவைத் திறக்கும்போது, காலையில் எந்தப் பக்கம் திரும்பியிருந்தாரோ அந்தப் பக்கமே திரும்பியிருப்பார். பகலில் அவரைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு அமர்த்தியிருந்த அம்மா, "சார் தண்ணிகூட வாணான்றாரு டீச்சரம்மா" என்று சொல்லிவிட்டுப் போவார். ஒருவரைப் பட்டினியில்லாமல், புண்ணில்லாமல் வைத்துக்கொள்ள என்னால் முடியும். அந்த ஜன்னலிலிருந்து திருப்ப வேறு ஏதாவது வேண்டியிருந்தது.

பச்சைக் கார்டு ஒன்று வாங்கிவிட்டால் போதும் என்று நினைத்தேன். ஒரு சனிக்கிழமை ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறினேன். அது கார்டே கிடைக்காத காலம். கொரோனாவில் கப்பல்கள் நின்றுபோயிருந்தன. வந்த கொஞ்சத்தையும் இணையத்தில் பிட்காயின் மாதிரி ஏதோ நாணயம் தோண்டுகிறவர்கள் மூட்டையாக வாங்கிக்கொண்டிருந்தார்கள். வெற்று அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருந்த ஒரு கடையில் சொன்னார்கள், "ஷோவுக்குத்தான் மேடம் பொட்டி. உள்ள ஒண்ணியும் இல்ல. எப்ப வரும்னு எங்களுக்கே தெரியாது." எப்போது வரும் என்று தெரியாத ஒன்றுக்குக் காத்திருக்க எங்களுக்கு நேரம் இல்லை.

அப்போதுதான் மானிட்டரை மாற்றினால் என்ன என்று தோன்றியது. சிவப்புக் கார்டுக்குக் காத்திருக்கிற மானிட்டர்கள் பல கம்பெனிகளில் உண்டு. பழைய பொருள் விற்கிற தளத்தில், என்னிடம் இது இருக்கிறது, எனக்கு அது வேண்டும் என்று எழுதினேன். தியாகராய நகரிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். அவரிடம் பழைய காலத்துப் பச்சைக் கார்டு, ஆனால் மானிட்டர் சிவப்புக் கார்டுக்கான ரகம். புதுப் பச்சைக் கார்டாக இருந்தால் ஓரளவு ஒத்துப்போயிருக்கும், பழையது மறுத்துவிட்டதாம். எங்கள் கோளாறே அவர் வீட்டில் தலைகீழாக இருந்தது.

மானிட்டரைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். மெட்ரோ வேலைக்காகத் தெருவெல்லாம் தகரம் அடித்திருந்தார்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் குழந்தையைப் பிடிப்பது போல அதைப் பிடித்துக்கொண்டேன். பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு பழைய அடுக்ககம். கதவைத் திறந்தவருக்கு எழுபது வயது இருக்கும்.

"வாங்கோ, வாங்கோ. ஆத்துல நான் மட்டுந்தான். செருப்போடயே வரலாம், தப்பில்லை."

அவர் கேமில் விமானம் ஓட்டுகிறவர். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவி தவறிப்போனபின் தினமும் சென்னையிலிருந்து ஏதாவது ஓர் ஊருக்கு விமானத்தைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வருவதாகச் சொன்னார். யாருக்கு என்று என்னைக் கேட்டார். கணவருக்கு என்றேன். உடம்பு எப்படி என்பதையும், ஏனோ, சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு அவர் ஆறுதலாக எதையும் சொல்லவில்லை. இரண்டு மானிட்டரையும் மாட்டி ஓட்டிக் காட்டினார். என் மானிட்டர் அவருடைய கார்டோடு உடனே ஒத்துப்போனது. ஓடுபாதையின் வெள்ளைக் கோடுகள் கிழியாமல் வழுக்கிக்கொண்டு வந்தன.

தன்னுடையதை என் போர்வையில் சுற்றும்போது சொன்னார், "ஒண்ணு சொல்லிடறேன். இருட்டான காட்சில இது கொஞ்சம் மினுக்கும்னு கேள்விப்பட்டேன். மறைச்சுக் குடுத்தேன்னு பின்னால நினைக்கப்படாது."

மினுக்கத்தான் செய்தது. கிழிசல் போய்விட்டது. லைட் கம்பங்கள் முழுசாக வந்தன, முழுசாகப் போயின. ஆனால் குகைப்பாதைக்குள் கார் நுழைந்தால் திரையின் இருள் மூச்சு வாங்குவது போல வெளுத்துக் கறுத்தது. இந்த முறை நான் அவருக்கு முன்னால் பார்த்துவிட்டேன். வாயைத் திறக்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். எரிந்து விழுவார் என்று பயந்தேன்.

"டீச்சர், மவுஸை எடு" என்றார்.

ஸ்டுடியோவில் வேலை பார்த்த மனிதர் திரும்பி வந்தது போல இருந்தது. கார்டு அனுப்புகிற படங்களின் எண்ணிக்கை ஒரேயடியாக ஏறி இறங்கும்போதுதான் மினுக்குகிறது என்று அவரே கண்டுபிடித்தார். அதற்கு ஓர் உச்சவரம்பு வைக்கச் சொன்னார். வைத்தேன். "இன்னும் குறை. ஓட்டு. நிறுத்து. இப்ப புல்வெளியைக் குறை, அதுக்குத்தான் கார்டு திணறுது." நான் குறைப்பேன், அவர் குகைப்பாதைக்குள் ஓட்டுவார், மறுபடி சொல்வார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தினமும் இதே வேலை. சமையல் தாமதமாயிற்று. ஒருநாள் கடற்கரைச் சாலை ஒன்றில் மாலை வெயிலில் ஓட்டிக்கொண்டே போனார், குகைக்குள் புகுந்தார், வெளியே வந்தார். எந்தக் குறையும் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது, கண் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சாயங்காலம் நல்ல சாயங்காலம். அதற்கு மேல் அதைப் பற்றி எழுதத் தெரியவில்லை.

நண்பரை நான்தான் போன் செய்து வரச்சொன்னேன். வந்தார். இருவரும் பழைய சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நண்பர் திரையைப் பார்த்துவிட்டு, "செம்மையா கீது மச்சி" என்றார்.

"கீது" என்றார் இவரும்.

அதற்குக் கொஞ்ச நாளில் கார் திருப்பங்களில் சுவரில் மோத ஆரம்பித்தது. முதலில் எப்போதாவது, பிறகு ஒவ்வொரு சுற்றிலும்.

"லேட்டாகுது" என்றார். "நான் திருப்புறேன், இது லேட்டாத் திருப்புது. சிங்க்ல ஏதோ கோளாறு. மானிட்டர் ரொம்பக் காத்திருக்குது."

நான் கேபிளைக் கழற்றி மாட்டினேன். உச்சவரம்பை ஏற்றினேன், இறக்கினேன். ஒன்றும் மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை நண்பர் வந்தபோது இவர் கன்ட்ரோலரை அவர் கையில் கொடுத்து, "நீ ஓட்டிப் பாரு, லேட்டாகுதா இல்லையான்னு சொல்லு" என்றார்.

நண்பர் ஓட்டினார். நான் பின்னால் நின்று அவர் கட்டைவிரலையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தேன். விரல் அசைந்த அதே கணம் கார் திரும்பியது. எந்தத் தாமதமும் இல்லை. நண்பரும் அதைப் பார்த்துவிட்டார். ஒலியில் நூலிழை முன்பின் ஆனாலும் கண்டுபிடிக்கிற மனிதர் அவர். வேண்டுமென்றே காரைச் சுவரில் மோதினார்.

"ஆமா மச்சி. லேட்டாத்தான் ஆவுது."

"நான் சொல்லல?"

"பாத்துர்லாம். கேபிள் வேற போட்டுப் பாக்கலாம்."

நண்பர் சமையலறைக்கு வந்து குழாயைத் திறந்துவிட்டு நின்றார். பிறகு, "நான் இன்னா தங்கச்சி சொல்றது அவன்கிட்ட" என்றார்.

அதன்பின் நாங்கள் இருவரும் இல்லாத ஒரு கோளாறைச் சரிசெய்துகொண்டிருந்தோம். புதுக் கேபிள் வந்தது. கார்டின் மென்பொருளைப் பழையதாக்கினோம், புதியதாக்கினோம். நண்பர் ஒரு ஞாயிறு முழுக்கக் கம்ப்யூட்டரைப் பிரித்துப்போட்டுத் துடைத்தார். ஒவ்வொன்றுக்கும் அப்புறம் இவர் ஓட்டிப் பார்ப்பார். "கொஞ்சம் தேவலை" என்பார், அடுத்த திருப்பத்தில் மோதுவார். சட்டைப் பித்தானும் கரண்டியும் அவர் கைக்கு எட்டாமல் போய்க்கொண்டிருந்தன. அதையெல்லாம் நான் செய்தேன், அவர் செய்ய விட்டார். கன்ட்ரோலரை மட்டும் கொடுக்கவில்லை.

ஒரு மத்தியானம், பள்ளிக்கூடத்துக்கு மழை விடுமுறை, நான் அவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். ரசம் சாதத்தை விழுங்கிவிட்டுச் சொன்னார்.

"லேட்டாகுறது மானிட்டர் இல்ல டீச்சர்."

அடுத்த வாய்க்கு எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தேன்.

"எனக்குத் தெரியும். ஆரம்பத்துலயே தெரியும். ஸ்டுடியோல உருண்டை வழுக்குதுன்னு சொன்னவன்தானே நான்."

"அப்புறம் ஏங்க எங்களை இவ்வளவு நாள்..."

"நீங்க ரெண்டு பேரும் எதையோ சரி பண்ணிட்டிருந்தீங்க. அதை நிறுத்த மனசு வரல. அவன் பொய் சொல்லும்போது காது சிவக்கும், காலேஜ்ல இருந்தே அப்படித்தான்." இன்னொரு வாய்க்கு வாயைத் திறந்தார். ஊட்டினேன். மென்றுவிட்டு, "சாயங்காலம் நீ ஓட்டு. நான் சொல்றேன்" என்றார்.

அப்படி அவர் கை நானானேன். ஸ்கூட்டர்கூட ஓட்டத் தெரியாதவள் நான். "பிரேக். பிரேக்கு டீச்சர், பிரேக்கு!" என்று அவர் கத்த, நான் வேகத்தை அழுத்திக் கடலுக்குள் விழுவேன். அவருக்குச் சிரிப்பு வந்தால் புரையேறும், முதுகைத் தட்டி நிமிர்த்திவிட்டு மறுபடி ஓட்டுவேன். போட்டி போடுவதை விட்டுவிட்டோம். வெறும் சாலையில், எதிரே யாரும் வராத ஊர்களில், மெதுவாக ஓட்டச் சொன்னார். "அந்த மலை பக்கம் போ. நிறுத்து. மேகத்தைப் பாரு." நான் மேகத்தைப் பார்ப்பேன். நாள்பட நானும் நன்றாகவே ஓட்டினேன்.

பிறகு அவர் பேச்சு குழறியது. "வலது" என்றால் எனக்குப் புரியும், நண்பருக்குப் புரியாது. பிறகு எனக்கும் புரியவில்லை. அட்டையில் உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் எழுதி, வரிசை வரிசையாக விரலை வைத்துக்கொண்டு போவேன். வேண்டிய எழுத்து வந்ததும் கண்ணை மூடித் திறப்பார். தண்ணீர் என்பதற்குள் வாய் உலர்ந்துவிடும். இரவில் மூக்கில் மாஸ்க் போட்டு மெஷின் காற்றை உள்ளே தள்ளியது. பிறகு பகலிலும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கம்ப்யூட்டரைப் போடுவோம். நண்பர் ஓட்டுவார், இவர் மெஷினோடு கட்டிலில் சாய்ந்து பார்ப்பார். ஒருநாள் விழி திரையின் ஒரு மூலைக்கும் அட்டைக்கும் மாறி மாறிப் போயிற்று. அட்டையை எடுத்தேன். வெகுநேரம் பிடித்தது. எழுத்துகளைக் கூட்டிப் பார்த்தேன். மினுக்குது.

கம்ப்யூட்டர் தானாக ஏதோ புதுப்பித்துக்கொண்டு உச்சவரம்பை அழித்திருந்தது. நான் பழையபடி வைத்தேன். சரியா என்று கேட்டேன். கண்ணை மூடித் திறந்தார். நண்பர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

சளி கட்டி மருத்துவமனையில் சேர்த்தபோது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தால் இன்னும் சில காலம் இருக்கலாம், குழாயோடுதான் இருக்க வேண்டும். என்னைக் கேட்காதீர்கள், அவரைக் கேளுங்கள் என்றேன். அட்டையோடு உள்ளே போனேன். டாக்டர் விளக்கிச் சொன்னார். நான் முதல் வரிசையில் விரலை வைத்தேன். அவர் எழுத்து எதற்கும் கண்ணை மூடவில்லை. அட்டை முழுவதும் விரலை ஓட்டி முடிக்கும்வரை திறந்த கண்ணோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் பதில் என்பது டாக்டருக்கும் புரிந்தது. இன்னொரு முறை கேட்கட்டுமா என்றார். வேண்டாம் என்றேன்.

வீட்டுக்குக் கூட்டி வந்தோம். இரண்டு வாரம் இருந்தார். ஒரு காலை, பகலில் பார்த்துக்கொள்கிற அம்மா வந்து திரைச்சீலையை விலக்கியபோது வெளிச்சம் முகத்தில் விழுந்தது, அவர் கண்ணை இடுக்கவில்லை. மெஷின் மட்டும் காற்றை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தத்தான் எனக்கு நேரமாயிற்று.

பூசையும் அடக்கமும் சாந்தோமில் நடந்தன. ஸ்டுடியோவிலிருந்து நிறையப் பேர் வந்திருந்தார்கள். எல்லாரும் அவருடைய கண்ணைப் பற்றியே பேசினார்கள். இந்த ஊரில் அப்படி ஒரு கண் யாருக்கும் இல்லை என்றார் ஒருவர். நண்பர் கூட்டத்துக்கு வெளியே, வெயிலில் நின்றுகொண்டிருந்தார். குழியில் மண் விழுகிற சத்தம் கேட்டதும் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார்.

தேவாலயத்திலிருந்து இரவலாக வந்த கட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்ளுங்கள் என்று நண்பரிடம் சொன்னேன், வேண்டாம் என்றார். அவர் சில ஞாயிறுகளில் பட்டினப்பாக்கத்து மீனோடு வருகிறார். குழம்பு வைக்கிறேன், சாப்பிடுகிறார், முன்னறையில் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிறார். ஒருமுறை அவர் கை கன்ட்ரோலர் வரை போய்த் திரும்பியதைப் பார்த்தேன். எனக்கு அந்தச் சாலைகளெல்லாம் இன்னும் மனப்பாடம், எங்கே திருப்பம், எங்கே கடல் என்று சொல்லிவிடுவேன். ஆனால் போட்டுப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

இந்த வருஷம் எனக்குப் பத்தாம் வகுப்பு கொடுத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம் முடிந்தபிறகும் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு உண்டு. மற்ற டீச்சர்கள் அதற்கு முணுமுணுக்கிறார்கள். எனக்கு அது வசதியாகத்தான் இருக்கிறது. வீட்டுக்கு வருவதற்குள் இருட்டிவிடுகிறது.